ராமேஸ்வரம் தீவைச் சைக்கிளில் சுற்ற: முதல்முறை போகிறவர்களுக்கு

பாம்பனில் தொடங்கி, தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனையில் முடியும் ராமேஸ்வரம் தீவைப் பற்றி யாரிடம் கேட்டாலும், "எல்லாம் சமதரைதான், சைக்கிளில் சும்மா போய்ட்டு வரலாம்" என்பார்கள். சமதரை என்பது உண்மை. அதை நம்பித்தான் நானும் முதல்முறை கிளம்பினேன். சைக்கிள் எனக்கு ஒரு நாள் பிந்தி வந்து சேர்ந்தது. தனுஷ்கோடிக்குப் பத்து மணி வெயிலில் கிளம்பி, எதிர்காற்றில் கடைசி சில கிலோமீட்டரைத் தள்ளிக்கொண்டே திரும்பினேன். அதன்பிறகு இரண்டு முறை போய்வந்ததில், இந்தத் தீவில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போடவே கூடாது, காற்றையும் நேரத்தையும் பார்த்துத்தான் போடவேண்டும் என்று தெரிந்துகொண்டேன். நான் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே வரிசையாக எழுதுகிறேன்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

டிக்கெட் போடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. ஜனவரி முதல் மார்ச் நடுவரை போனால் நல்லது. மழை ஓய்ந்திருக்கும், வாடைக்காற்று தணிந்துகொண்டு வரும், காலை வெயிலும் தாங்கும்படி இருக்கும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்பில் பூநாரைகள் வந்து இறங்குவதும் இந்த மாதங்களில்தான். தனுஷ்கோடிப் பகுதியைத் தமிழக அரசு 2025-இல் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறது.

ஏப்ரல், மே மாதங்களில் தீவில் நிழல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதோடு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் சாப்பாட்டை நினைத்துப் போகிறவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று, அதாவது தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும் காற்று. பழக்கமில்லாதவர்கள் இந்த மாதங்களில் வரவேண்டாம் என்றே சொல்வேன்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். அந்தச் சமயத்தில் போயே ஆகவேண்டும் என்றால், கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தியில் ஒன்றை மட்டும் பாருங்கள்: பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்களா? 1-ஆம் எண் கூண்டு ஏறியிருந்தாலே தனுஷ்கோடிச் சாலையை எந்த நேரமும் அடைத்துவிடலாம். பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஆடி அமாவாசை, புரட்டாசி மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய மூன்று நாட்களையும், அவற்றுக்கு முன்பின் ஒவ்வொரு நாளையும் விட்டுவிடுங்கள். தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் அறை கிடைக்காது, ஊருக்குள் சைக்கிளை உருட்டக்கூட இடம் இருக்காது. சாதாரண சனி ஞாயிறிலும் தனுஷ்கோடிச் சாலையில் வேன்கள் வரிசை கட்டும். செவ்வாய், புதன், வியாழன் மூன்றும் நிம்மதியான நாட்கள்.

2. சொந்தச் சைக்கிளா, வாடகைச் சைக்கிளா?

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, ஊரைச் சுற்றிக் கோயில், ராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம் மட்டும் போதும் என்றால் வாடகைச் சைக்கிள் போதும். ஆனால் கடைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் எளிதாகக் கிடைக்கிற அளவுக்கு மிதிவண்டி கிடைப்பதில்லை. தங்கப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, ஏற்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

வாடகைக்கு எடுத்தால் கடை வாசலிலேயே நான்கு காரியம் செய்யுங்கள். இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள். சீட்டை உங்கள் உயரத்துக்கு ஏற்றச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் சீட்டுக் குழாய் துருவேறி ஒட்டிக்கொண்டிருக்கும்; ஏற்ற முடியாவிட்டால் அந்த வண்டியே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கடைசியாக, வண்டியை எல்லாப் பக்கமும் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடையாள அட்டை கேட்டால் நகலைக் கொடுங்கள், அசலைக் கொடுக்காதீர்கள்.

தனுஷ்கோடி முனைவரை போய்வர நினைப்பவர்கள் சொந்தச் சைக்கிளைக் கொண்டுபோங்கள். உங்கள் உடம்புக்குப் பழகிய வண்டியில் காற்றை எதிர்ப்பதற்கும் பழகாத வண்டியில் எதிர்ப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

3. ரயிலில் சைக்கிளை ஏற்றுவது

நான் அதிகம் அவதிப்பட்டது இங்கேதான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டதிலிருந்து ரயில்கள் மறுபடியும் ராமேஸ்வரம் வரை போகின்றன. சென்னை எழும்பூரிலிருந்து சேது எக்ஸ்பிரஸும் போட் மெயிலும் மாலையில் கிளம்பி மறுநாள் காலையில் சேர்கின்றன. மதுரையிலிருந்து பாசஞ்சர் ரயில்களும் உண்டு.

சைக்கிளைப் பெட்டிக்குள் ஏற்ற விடமாட்டார்கள். ரயிலில் சாமான் ஏற்றும் பிரேக் வேனில்தான் போகவேண்டும். அதை இரண்டு விதமாகப் பதியலாம். ஒன்று லக்கேஜ்: உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பதிந்தால் நீங்கள் போகும் ரயிலிலேயே சைக்கிளும் வரும். இன்னொன்று பார்சல்: டிக்கெட் தேவையில்லை, ஆனால் எந்த ரயிலில் இடம் இருக்கிறதோ அதில் வரும். முதல்முறை நான் பார்சல் ஆபீஸ் ஜன்னலில் போய் "சைக்கிள் அனுப்பணும்" என்றேன். அனுப்பணும் என்ற ஒரு சொல்லால் அது பார்சலாகப் பதிவாகிவிட்டது. ரசீதை நானும் படித்துப் பார்க்கவில்லை. மறுநாள் ராமேஸ்வரம் பிளாட்பாரத்தில் பிரேக் வேன் காலியாகும்வரை நின்றேன், சைக்கிள் அதில் இல்லை. ஆகவே நீங்கள், "இந்த டிக்கெட்டில் கூடவே கொண்டுபோகிறேன், லக்கேஜாகப் போடுங்கள்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். ரசீதை வாங்கியதும் ஜன்னலைவிட்டு நகராமல் ரயில் எண், தேதி, சேருமிடம் மூன்றையும் படியுங்கள்.

ரயில் கிளம்புவதற்குக் குறைந்தது அரை மணி முன்பு ஒப்படைக்கவேண்டும் என்பது விதி. நடைமுறைக்கு அது போதாது, இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். எடை போடுவது, ரசீது எழுதுவது, பிளாட்பாரத்துக்கு உருட்டுவது என்று நேரம் கரைந்துவிடும்.

முந்தின நாளே ஒருமுறை பார்சல் ஆபீஸுக்குப் போய், "இந்த ரயிலில் பிரேக் வேனில் இடம் உண்டா?" என்று கேட்டுவாருங்கள். சில ரயில்களில் அந்த இடம் தனியாருக்குக் குத்தகைக்குப் போயிருக்கும். அப்போது கடைசி நேரத்தில் கையை விரித்துவிடுவார்கள்.

இன்னொன்று: ரயில் ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக நிற்கும் நிலையங்களுக்குப் பிரேக் வேனில் சாமான் பதிய மாட்டார்கள். "பாலத்துக்கு முந்தின நிலையமான மண்டபத்தில் இறங்கிப் பாலத்தில் மிதித்துக்கொண்டே தீவுக்குள் போகலாம்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. அது நடக்காது. ராமேஸ்வரம்வரை பதிந்துவிடுங்கள். பாலத்தை இரண்டாம் நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுவதற்குக் கோணி, சணல், கோணி ஊசி போதும். ஹேண்டில்பார், கியர் பகுதி, செயின் மூன்றையும் நன்றாகச் சுற்றுங்கள். பெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுங்கள். பம்ப், விளக்கு, தண்ணீர்ப்புட்டி எதையும் வண்டியில் விட்டுவைக்காதீர்கள். உங்கள் பெயர், போன் எண், கிளம்பும் நிலையம், சேரும் நிலையம் நான்கையும் அட்டையில் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று பிய்ந்துபோனாலும் இன்னொன்று இருக்கும்.

கட்டணம் எடையையும் தூரத்தையும் பொறுத்தது. டிக்கெட்டோடு வரும் இலவச லக்கேஜ் சலுகை சைக்கிளுக்குக் கிடையாது. சென்னையிலிருந்து என்றால் சில நூறு ரூபாய் எடுத்து வையுங்கள். சில்லறையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் ரசீதைக் காட்டி உடனே எடுத்துவிடுங்கள். குறித்த நேரத்துக்குமேல் விட்டுவைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் போடுவார்கள். ரசீது தொலைந்தால் எழுதிக்கொடுத்து, கையெழுத்துப் போட்டு, அரை நாள் போய்விடும். வாங்கியவுடன் போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. காகிதங்களும் அறையும்

ஆதார் அசல் ஒன்று, நகல் மூன்று. அறைக்கு ஒன்று, வாடகை வண்டி எடுத்தால் ஒன்று, கைவசம் ஒன்று. எல்லைக்கடல் ஓரம் என்பதால் சோதனைச்சாவடியில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். சைக்கிள் வாங்கிய பில்லின் நகலும் இருக்கட்டும். பார்சல் ஆபீஸில் கேட்டால் அதைக் காட்டினால் பேச்சு அதோடு முடிந்துவிடும்.

தனியாகப் போகிறவர்கள் கவனியுங்கள். ஒற்றை ஆளுக்கு அறை தராத விடுதிகள் கோயில் ஊர்களில் இன்னும் இருக்கின்றன. முன்பணம் கட்டிப் பதிந்திருந்தும், வாசலில் நிற்கவைத்து "ஃபேமிலிக்குத்தான்" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்கள். பதியும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: தனி ஆளுக்கு அறை உண்டா? சைக்கிளை உள்ளே வைக்கலாமா? இரண்டுக்கும் ஆம் என்றால் மட்டும் பணம் அனுப்புங்கள். ராத்திரி தெருவில் நிறுத்தினால் பூட்டு பத்திரமாக இருந்தாலும் உப்புப்பனி வண்டியைத் தின்றுவிடும்.

5. வண்டியில் கட்டிக்கொள்ள வேண்டியவை

தண்ணீர் மூன்று லிட்டர். உபரி டியூப் இரண்டு, பஞ்சர் ஒட்டும் சாமான், பம்ப், டயர் கழற்றும் லீவர். இரண்டு டியூப் எதற்கென்றால், சாலையோரம் எங்கும் சீமைக்கருவேலம். அதன் முள் டயரில் குத்தினால் ஒன்று இரண்டோடு நிற்காது. முள்ளைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் பத்தாவது நிமிடம் அதுவும் இறங்கிவிடும். டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பார்த்து, முனை தட்டுப்பட்டால் குறட்டால் இழுத்த பிறகே புது டியூப். போட்டோ எடுக்கவோ வேறெதற்கோ வண்டியைத் தார்ச்சாலையைவிட்டு இறக்கும்போது தூக்கிக்கொண்டு இறங்குங்கள், உருட்டாதீர்கள்.

நெற்றியிலும் மூக்கிலும் பூச வெயில் களிம்பு, கழுத்து மூடும் துண்டு, முழுக்கைச் சட்டை, மணல் கண்ணில் விழாமலிருக்கக் கண்ணாடி. செயினுக்கு ஒரு சின்ன எண்ணெய்ப் புட்டி. ஒரு ராத்திரி உப்புக்காற்றில் நின்ற செயினை மறுநாள் காலையில் பார்த்தேன், வெற்றிலைக் காவி படிந்ததுபோல் இருந்தது. தினமும் மாலையில் துணியால் துடைத்து இரண்டு சொட்டு விட்டால் அந்தத் தொல்லை இல்லை.

6. முதல் நாள்: அரிச்சல்முனை

கோயில் வாசலிலிருந்து அரிச்சல்முனைக்கு 22, 23 கி.மீ. வரும். போக வர 45 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்தரைக்கு, முன்னும் பின்னும் விளக்கோடு கிளம்புங்கள். தனுஷ்கோடிக்குள் காலை ஆறு மணிக்கு முன்னால் விடுவதில்லை, மாலை ஐந்து மணியோடு உள்ளே போவதை நிறுத்திவிடுவார்கள் என்பது வழக்கம். மூன்று மணிக்குமேல் கிளம்பிப்போகும் எண்ணமே வேண்டாம்.

முதல் பாதியில் இரண்டு பக்கமும் சவுக்கும் கருவேலும் இருப்பதால் காற்று தெரியாது. முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் திறந்த வெளி. அங்கிருந்து முனைவரை 9.5 கி.மீ. இந்தச் சாலை 2017-இல்தான் போடப்பட்டது. இரண்டு பக்கமும் கடல், நடுவில் தார், அவ்வளவுதான்.

சத்திரத்தில் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஐந்து நிமிடம் நில்லுங்கள். நான் முதல்முறை செய்யாத காரியம் இது. மணலை ஒரு பிடி அள்ளி மேலிருந்து விட்டுப் பாருங்கள். காற்று பக்கவாட்டிலிருந்து வந்தால் போகும்போதும் வரும்போதும் ஒரே பாடுதான், போகலாம். முதுகில் வந்தால்தான் எச்சரிக்கை. அன்று என்னைக் காற்று முதுகில் கைவைத்துத் தள்ளியது. முனைக்கு எவ்வளவு சுளுவாக வந்துவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன். திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அறைந்தது. மிதித்த மிதியெல்லாம் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல் இருந்தது. தண்ணீரும் தீர்ந்துவிட்டது. முதுகுக்காற்று அடித்தால் போகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கைத் திரும்புவதற்கு ஒதுக்குங்கள், தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள்.

சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். காற்றில் மணல் கோடுகோடாகத் தாரின்மேல் ஊர்ந்து வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் சில இடங்களில் விரற்கடை உயரத்துக்குப் படிந்திருக்கும். அதன்மேல் ஹேண்டிலைத் திருப்பினாலோ முன் பிரேக்கைப் பிடித்தாலோ சக்கரம் வழுக்கிவிடும். நேராக, வேகம் குறைத்து, மிதிப்பதை நிறுத்தாமல் கடந்துவிடுங்கள். பின்னால் வேன் வரும் சத்தம் கேட்டால் ஓரம் கட்டி நின்றுவிடுவதுதான் நல்லது.

முனைக்குப் போகும்போது எங்கும் நிற்காதீர்கள். முதலில் முனை, மற்றதெல்லாம் திரும்பும்போது. எட்டு மணிக்குள் சேர்ந்துவிட்டால் அசோகத் தூண் இருக்கும் வட்டத்தில் கூட்டம் இருக்காது. வடபக்கம் அலையடங்கிக் கிடப்பதைப் பெண் கடல் என்றும், தென்பக்கம் ஆர்ப்பரிப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டிலும் குளிக்க இறங்காதீர்கள், நீரோட்டம் இழுத்துவிடும். போனில் ரோமிங்கை முன்கூட்டியே அணைத்துவிடுங்கள், இலங்கை சிக்னல் பிடித்துக்கொள்ளும்.

திரும்பும் வழியில் 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரின் மிச்சங்கள்: கூரையில்லாத தேவாலயம், ரயில் நிலையச் சுவர்கள். சைக்கிளைச் சாலையோரம் பூட்டிவிட்டு நடந்து போங்கள். சுவர்களில் ஏறவோ கல்லை எடுக்கவோ வேண்டாம். பவளக்கல் விளிம்பு கையில் பொடிந்து உதிர்கிறது, அவ்வளவு தளர்ந்திருக்கிறது. பக்கத்துக் குடிசைகளில் இருக்கும் மீனவக் குடும்பங்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுக்கிறார்கள். இரண்டு கடலுக்கு நடுவே அந்தத் தண்ணீர் இனிக்கிறது. ஒரு அக்கா சிரட்டையால் மொண்டு என் கையில் ஊற்றிய நாலு வாய்த் தண்ணீர் அன்று என்னைக் கரை சேர்த்தது. ஆனால் அது அவர்கள் வீட்டுத் தண்ணீர், அதை நம்பிப் புட்டியைக் காலியாகக் கொண்டுபோகாதீர்கள். பொரித்த மீன் விற்கும் கடைகள் உண்டு, எடுப்பதற்கு முன் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோதண்டராமர் கோயில் பிரிவுக்கு ஒன்பதரைக்குள் வந்துவிட்டால் உள்ளே போங்கள். பத்து மணி தாண்டிவிட்டால் நேரே அறைக்கு வந்துவிடுங்கள்.

7. இரண்டாம் நாள்: பாம்பன் பக்கம்

இது இலேசான நாள். ராமேஸ்வரத்திலிருந்து பாம்பனுக்கு 12 கி.மீ. போலத்தான். வழியில் பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம், தங்கச்சிமடத்தருகே பிரிந்து போனால் வில்லூண்டி தீர்த்தம். பாம்பனிலிருந்து தெற்கே சில கிலோமீட்டரில் குந்துகால். 1897 ஜனவரியில் விவேகானந்தர் வந்து இறங்கிய கரை அது. கடற்கரை அமைதியாக இருக்கும், அந்தச் சாலையில் முள் அதிகம்.

சாலைப் பாலம் இரண்டு கிலோமீட்டருக்குமேல் நீளம், நடுவில் உயர்ந்து இறங்கும். உங்கள் தொடைக்கு வேலை தரும் ஏற்றம் இது. காலை ஏழு மணிக்குள் கடந்துவிடுங்கள். அதன்பிறகு சுற்றுலா வண்டிகள் பாலத்தின்மேலேயே நிறுத்திப் படம் எடுப்பார்கள், கார்க் கதவு சட்டென்று திறக்கும். பேருந்து உங்களைத் தாண்டும் நொடியில் காற்று தடைபட்டு, அது போனதும் மறுபடி பலமாக அடிக்கும். அந்த இடத்தில்தான் வண்டி தடுமாறும். இரண்டு கையும் ஹேண்டிலில் இருக்கட்டும். காற்று மணிக்கு 58 கி.மீ.யைத் தாண்டினால் பழைய ரயில் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்துவந்தார்கள். கொடிக்கம்பத்துத் துணி விறைத்துப் படபடத்தால் நடைபாதையில் ஏறி வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள்.

8. கோயிலுக்குப் போகும் நேரம்

சைக்கிளை அறையில் விட்டுவிட்டு நடந்து போங்கள். கோயிலுக்குள் செல்போன் அனுமதி இல்லை. மதியம் ஒரு மணிக்குச் சாத்தி மூன்று மணிக்குத் திறப்பார்கள். இருபத்திரண்டு தீர்த்தமும் ஆட 25 ரூபாய்ச் சீட்டு. வாளியில் ஊற்றுகிறவர்களுக்குத் தனியாகப் பணம் கொடுக்கவேண்டிய கட்டாயம் இல்லை, வெளியே வழிமறித்துத் தொகை பேசுகிறவர்களிடம் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள், மாற்றுத்துணி வேண்டும். தனுஷ்கோடிக்குப் போகும் காலையில் தீர்த்தமாடாதீர்கள். நேரமும் போகும், ஈர உடம்போடு மிதித்தால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். முனைக்குப் போய்வந்த அன்று மாலை மூன்றாம் பிரகாரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். மிதித்துச் சூடேறிய பாதத்துக்கு அந்தக் கல்தரை அவ்வளவு இதம்.

9. திரும்பும் நாள்

ராமேஸ்வரத்திலிருந்து ரயில் கிளம்பும் நாளில் வெளியே எங்கும் மிதித்துப் போகாதீர்கள். ஒரு பஞ்சர் போதும், ரயில் போய்விடும். கோணியையும் சணலையும் வந்த அன்று தூக்கி எறியாமல் மடித்து அறையில் வைத்திருங்கள். அதைத் தேடி நான் ஒரு காலை முழுக்கக் கடைகடையாக அலைந்தேன். காலையிலேயே வண்டியை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, பிறகு கட்டுங்கள். உப்போடு கட்டினால் வீடு வந்து சேர்வதற்குள் பிரேக் கம்பி இறுகிவிடும். அதே லக்கேஜ் பதிவு, அதே இரண்டு மணி நேரம் முன்பு, அதே மூன்று வரியைப் படித்துப் பார்ப்பது.

வீட்டுக்கு வந்ததும் சீட்டுக் குழாயைக் கழற்றி வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துங்கள். ஒரு பிடி தனுஷ்கோடி மணலாவது கொட்டும். பெடல் சுழலும் அச்சுப் பக்கம் அது இறங்குவதற்கு முன், ஒரு வாரத்துக்குள் கடையில் கொடுத்துப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துவிடுங்கள்.